கழுவப்பட்ட சாலை: பெனாசிர் பூட்டோ கொலையில் அரசின் பங்கை எதை வைத்து முடிவு செய்வது?

வைகைக்கரை எழுதியது:

பாகிஸ்தானின் முன்னாள் பிரதமர் பெனாசிர் பூட்டோ கொலையைப் பற்றி ஐ.நா. நியமித்த விசாரணை ஆணையம் 2010 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட அறிக்கையைக் கடந்த இரண்டு வாரங்களாக இரவுகளில் உட்கார்ந்து படித்து முடித்தேன். சிலி நாட்டைச் சேர்ந்த ஹெரால்டோ முனியோஸ் தலைமையில் மூவர் விசாரித்து எழுதியது. முடித்த பிறகும் ஒரு காட்சி என்னை விட்டு அகலவில்லை.

2007 டிசம்பர் 27 மாலை ஐந்து மணிக்குப் பிறகு, ராவல்பிண்டியில் லியாகத் பாக் மைதானக் கூட்டம் முடிந்து வெளியே வந்த பெனாசிர், கவச வண்டியின் கூரைத் திறப்பு வழியாக எழுந்து நின்று தொண்டர்களுக்குக் கையசைக்கிறார். மூன்று முறை சுடும் சத்தம் கேட்கிறது. உடனே குண்டு வெடிக்கிறது. அவரோடு இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோகிறார்கள். இது நடந்து ஒரு மணி நாற்பது நிமிடம் ஆவதற்குள், உயர் காவல் அதிகாரி ஒருவரின் உத்தரவின் பேரில் அந்த இடம் முழுவதையும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுகிறார்கள். அதற்குள் சேகரிக்கப்பட்டிருந்த தடயங்கள் மொத்தம் 23. இப்படிப்பட்ட குண்டுவெடிப்பு ஒன்றில் ஆயிரக்கணக்கில் சேகரிக்க வேண்டியிருக்கும் என்று ஆணையம் எழுதுகிறது.

என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, "இதற்கு மேல் என்ன சான்று வேண்டும், அரசுதான் செய்தது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னால் அப்படி முடிக்க முடியவில்லை. பதினைந்தரை வயதுச் சிறுவன் ஒருவன்தான் குண்டை வெடிக்கச் செய்தான் என்று அதே அறிக்கை சொல்கிறது. அவனை அனுப்பியவர் பாகிஸ்தான் தாலிபான் தலைவர் பைத்துல்லா மெஹ்சூத் என்று அன்றைய அரசு மறுநாளே அறிவித்தது. அப்படியானால் சாலையைக் கழுவியது எதற்குச் சான்று? அறியாமைக்கா, அலட்சியத்துக்கா, மறைப்புக்கா, அல்லது கொலைக்கேவா? சட்டமோ தடய அறிவியலோ தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், எப்படி எண்ணிப் பார்ப்பது என்று விளக்க வேண்டுகிறேன்.

---

சட்டமேசை எழுதியது:

உங்கள் தயக்கம் சரியானது, அதை விட்டுவிடாதீர்கள். "அரசுதான் செய்தது" என்ற ஒரே வாக்கியத்துக்குள் வெவ்வேறான மூன்று குற்றச்சாட்டுகள் ஒளிந்திருக்கின்றன. அரசுக்குள் இருந்தவர்கள் கொலையைத் திட்டமிட்டார்கள் என்பது ஒன்று. கொலை நடக்கப்போகிறது என்று தெரிந்தும் பாதுகாப்பைத் தளர்த்தி வழிவிட்டார்கள் என்பது இன்னொன்று. நடந்து முடிந்த பிறகு, யாரையோ காப்பாற்றுவதற்காகத் தடயங்களை அழித்தார்கள் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் சான்று வேறு. சாலையைக் கழுவியது மூன்றாவதற்கு நேரடிச் சான்று. மற்ற இரண்டுக்கும் அது சந்தேகத்தை மட்டுமே தரும்.

இதை ராவல்பிண்டி நீதிமன்றத்தின் தீர்ப்போடு வைத்துப் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம், தாலிபான் தொடர்புடையவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட ஐவரையும் விடுதலை செய்தது. தண்டனை பெற்றவர்கள் காவல் அதிகாரிகள் இருவர் மட்டுமே: நகரக் காவல் தலைவராக இருந்த சவூத் அஜீஸ், காவல் கண்காணிப்பாளராக இருந்த குர்ரம் ஷஹ்சாத். ஆளுக்குப் பதினேழு ஆண்டுகள். அக்டோபரில் லாகூர் உயர் நீதிமன்றம் இருவருக்கும் பிணை வழங்கிவிட்டது.

அந்தப் பதினேழு ஆண்டுகள் எப்படிக் கூட்டப்பட்டன என்பதை நாளேடுகள் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஏழு ஆண்டுகள் 201ஆம் பிரிவின் கீழ், அதாவது தடயத்தை மறைத்ததற்காக. பத்து ஆண்டுகள் 119ஆம் பிரிவின் கீழ். பாகிஸ்தான் தண்டனைச் சட்டமும் நம்முடைய பழைய இந்திய தண்டனைச் சட்டமும் 1860இல் பிறந்த ஒரே சட்டத்தின் இரண்டு கிளைகள் என்பதால், இந்த எண்கள் நம் ஊர் வழக்கறிஞர்களுக்கும் பழக்கமானவை. 119ஆம் பிரிவு வெறும் கவனக்குறைவைப் பற்றியதன்று. தடுக்கும் கடமையுள்ள பொது ஊழியர், ஒரு குற்றத்துக்கான திட்டம் இருப்பதை அறிந்தே மறைப்பதைப் பற்றியது. செய்திகளில் "அலட்சியத்துக்காகத் தண்டனை" என்று எழுதினார்கள். பிரிவின் சொற்களைப் படித்தால் அதன் கனம் வேறு. ஆனால் அந்தப் பிரிவைப் பயன்படுத்திய உடனே எழ வேண்டிய அடுத்த கேள்வி, அதாவது அந்தத் திட்டம் யாருடையது, இந்த அதிகாரிகள் யாருக்காக அதை மறைத்தார்கள் என்பது, விடை இல்லாமலேயே நின்றுவிட்டது. 2013இல் கொலை, சதி உள்ளிட்ட குற்றச்சாட்டுகள் பதிவான, கொலை நடந்தபோது அதிபராக இருந்த முஷாரஃப் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டதால் தேடப்படும் தலைமறைவுக் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டார். 2023 பிப்ரவரியில் துபாயில் இறந்துபோனார். அவர் மீதான குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று சாட்சிகளை வைத்து எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை.

---

ஆய்வகம்_ஓய்வு எழுதியது:

நான் தடய அறிவியல் ஆய்வகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வழக்கின் அரசியலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கழுவப்பட்டது என்ன என்பதைச் சொல்ல முடியும்.

குண்டு வெடித்த இடத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை, யாரையும் உள்ளே விடாமல் கயிறு கட்டுவது. பிறகு தரையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ள மண்ணையும் குப்பையையும் தனித்தனியாக அள்ளிச் சல்லடையில் சலிப்போம். நகத்தளவு கம்பித் துண்டு, மின்கலத்தின் உடைந்த தகடு, கருகிய துணி இழை, இரும்புக் குண்டுமணி என்று வருகிற எல்லாம் தனித்தனி உறைக்குள் போகும். குந்தி உட்கார்ந்து செய்கிற வேலை, நாள் கணக்கில் ஆகும். வெடிமருந்தின் எச்சம் பல நேரங்களில் தண்ணீரில் கரையக்கூடியது. சாலையில் தண்ணீரைப் பாய்ச்சினால், எந்த வெடிமருந்து, யாருடைய கைவேலை, முந்தைய எந்தக் குண்டோடு ஒத்துப்போகிறது என்ற கேள்விகளுக்கான விடைகளும் தண்ணீரோடு போய்விடும்.

நம் வாசகர்களுக்குத் திருப்பெரும்புதூரை நினைவூட்டினால் போதும். 1991 மே 21 இரவு கொல்லப்பட்டபோது ராஜீவ் காந்தியும் ஆட்சியில் இல்லாத தலைவர்தான். பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரிக்கத் தனியாக வர்மா ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. அங்கேயும் குழப்பம் இருந்தது. ஆனாலும் வெடித்த இடம் கழுவப்படவில்லை. இறந்துகிடந்த ஹரிபாபு என்ற புகைப்படக்காரரின் கேமரா சேதமாகாமல் அங்கிருந்து கிடைத்தது. அதிலிருந்த சுருளைக் கழுவியபோது கொலையாளிகளின் முகங்கள் வந்தன. தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் சந்திரசேகரன் சிதறிய துண்டுகளையும் உடல் பாகங்களையும் அடுக்கிப் பார்த்து, குண்டு இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்பதையும் அதை அணிந்திருந்தவர் ஒரு பெண் என்பதையும் நிறுவினார். அந்தக் கேமராவின் மீது தீயணைப்பு வண்டியின் தண்ணீர் பாய்ந்திருந்தால் அந்த வழக்கு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராவல்பிண்டியில் இழந்தது தரையை மட்டுமல்ல. பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை. மருத்துவமனையில் மருத்துவர்கள் கேட்டபோது நகரக் காவல் தலைவர் அனுமதி தரவில்லை என்கிறது ஐ.நா. அறிக்கை. அதனால் 2008 பிப்ரவரியில் பிரிட்டனின் ஸ்காட்லாந்து யார்டு காவல் அதிகாரிகள் முடிவு சொன்னபோது அவர்கள் கையில் முக்கியமாக இருந்தவை தலையின் எக்ஸ்ரே படங்களும் உடலைப் பார்த்தவர்களின் வாக்குமூலங்களுமே. வெடிப்பின் வேகத்தில் வண்டியின் கூரைத் திறப்பின் விளிம்பில் தலை மோதியதே மரணத்துக்குக் காரணம் என்று அவர்கள் எழுதினார்கள். ஆனால் கழுத்திலோ மேலுடலிலோ துப்பாக்கிக் காயம் இருந்திருக்க முடியாது என்று முற்றாகச் சொல்ல முடியவில்லை என்பதையும் அவர்களுடைய மருத்துவ வல்லுநர் பதிவு செய்தார். கத்தியை எடுத்து அரை நாள் செலவிட்டிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய கேள்வி அது. உலகமே விவாதித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு ஒரு யோசனை. சாலையைக் கழுவிய தண்ணீர் எங்காவது வடிந்திருக்க வேண்டும். வடிகாலில் யாராவது தேடினார்களா என்று அறிக்கையில் பாருங்கள். ஒரு புலனாய்வுக் குழு நேர்மையாக உழைத்ததா என்பதை நான் அப்படித்தான் கண்டுகொள்வேன்.

---

நெடுவழி எழுதியது:

மேலே எழுதியவர்கள் இருவரும் காவல்துறையை மட்டுமே பார்க்கிறார்கள். நான் கொலைக்கு முந்தைய இரண்டு மாதங்களையும் பிந்தைய ஐந்து ஆண்டுகளையும் பார்க்கச் சொல்வேன்.

அக்டோபர் 18 அன்று பெனாசிர் கராச்சியில் வந்திறங்கிய நாளிலேயே அவருடைய ஊர்வலத்தில் குண்டுகள் வெடித்து ஏறத்தாழ 150 பேர் இறந்தார்கள். அதற்கு மேல் ஒரு எச்சரிக்கை தேவையா? நான்கு நாள் கழித்து, அக்டோபர் 22 அன்று, சவுகத் அஜீசுக்கும் சவுத்ரி ஷுஜாத் உசேனுக்கும் முன்னாள் பிரதமர்கள் என்ற முறையில் மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்குமாறு உள்துறை அமைச்சகம் மாகாணங்களுக்கு எழுதியது. அவர்கள் இருவரும் முஷாரஃபின் அணியைச் சேர்ந்தவர்கள். உயிருக்கு நேரடியாகக் குறிவைக்கப்பட்டிருந்த முன்னாள் பிரதமருக்கு அப்படி ஒரு உத்தரவு போகவில்லை. ஐ.நா. அறிக்கையில் என்னை உலுக்கிய இடம் இதுதான். ரத்தமும் தண்ணீரும் இல்லாத, வெறும் அலுவலகக் காகிதம். சட்டமேசை அவர்கள் சொன்ன இரண்டாவது வகைக்கு, அதாவது வழிவிட்டதற்கு, இதைவிடத் தெளிவான ஆவணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அவருடைய கட்சியையும் கேட்க வேண்டும். கூடவே வந்திருக்க வேண்டிய மாற்று வாகனம், குண்டு துளைக்காத கறுப்பு மெர்சிடிஸ், கட்சியின் மூத்தவர்களை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து போய்விட்டது. அதனால், டயர்கள் கிழிந்து நகர முடியாமல் போன கவச வண்டியிலிருந்து அவரை வழியில் வேறொரு தனியார் வண்டிக்கு மாற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. அடுத்த ஆண்டு அதே கட்சி ஆட்சிக்கு வந்தது. அவருடைய கணவர் சர்தாரி ஐந்தாண்டுகள் நாட்டின் அதிபராக இருந்தார். ஐ.நா. ஆணையத்தைக் கேட்டு வாங்கியதும் அவர்களுடைய அரசுதான். ஆனால் அந்த ஆணையத்துக்குக் குற்றவாளி யார் என்று சொல்லும் அதிகாரம் தரப்படவில்லை, நடந்ததைக் கண்டறியும் பொறுப்பு மட்டுமே தரப்பட்டது. வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் சவுத்ரி சுல்பிகர் அலி 2013 மே 3 அன்று இஸ்லாமாபாத்தில் நீதிமன்றத்துக்குப் புறப்பட்ட வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1996 செப்டம்பர் 20 அன்று கராச்சியில் பெனாசிரின் தம்பி முர்தசா பூட்டோ தன் வீட்டருகே காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார். அப்போது பிரதமர் அவருடைய அக்காதான். தம்பியோ எதிரணியில் இருந்தார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட காவல் அதிகாரிகள் 2009இல் விடுதலையானார்கள். அப்போதும் கட்சி ஆட்சியில்தான் இருந்தது. நாற்காலியில் யார் இருந்தாலும் அவர்களுடைய கைக்கு எட்டாத ஓர் அரசு அந்த நாட்டுக்குள் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அதைக் குறிக்க அங்குள்ளவர்கள் "எஸ்டாபிளிஷ்மென்ட்" என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 2017இல் பிபிசி கேட்டபோது, அதற்குள் இருந்த சிலர் தாலிபானோடு தொடர்பு வைத்திருந்திருக்கலாம் என்பதை முஷாரஃபே மறுக்கவில்லை.

---

கிழக்குவாசல் எழுதியது:

நெடுவழி சொன்னதற்கு இணையாக மணிலாவை வைத்துப் பார்க்கலாம். பெனிக்னோ அக்கினோ, பிலிப்பைன்ஸ் அதிபர் மார்க்கோசின் முதன்மை எதிரி, 1983 ஆகஸ்ட் 21 அன்று மூன்றாண்டு அமெரிக்க வாசத்துக்குப் பின் மணிலா விமான நிலையத்தில் வந்திறங்கினார். சீருடை அணிந்த வீரர்கள் விமானத்துக்குள் ஏறி, அவரை இருக்கையிலிருந்து எழுப்பி, பயணிகள் இறங்கும் வழியைத் தவிர்த்துப் பக்கவாட்டிலிருந்த பணியாளர் படிக்கட்டு வழியாக அழைத்துப்போனார்கள். கூடவே வந்த செய்தியாளர்களைக் கதவருகே தடுத்தார்கள். சில நொடிகளில் சுடும் சத்தம். கீழே இரண்டு உடல்கள் கிடந்தன: அக்கினோவும் ரொலாண்டோ கல்மான் என்பவரும். கல்மான்தான் கம்யூனிஸ்டுகள் அனுப்பிய கொலையாளி, தரையில் நின்று சுட்டான், வீரர்கள் அவனை உடனே சுட்டுவிட்டார்கள் என்று அரசு அறிவித்தது. கொலையாளி என்று சொல்லப்பட்டவர் பேச முடியாத நிலையில் கிடப்பதும், கதை உடனே தயாராக இருப்பதும் அந்த வழக்கிலும் இருந்தன. 1951இல் இதே ராவல்பிண்டி மைதானத்தில் பிரதமர் லியாகத் அலி கான் சுடப்பட்டபோதும், சுட்டவனை அந்த இடத்திலேயே காவல் அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்றார்.

மணிலாவில் அரசின் கதை உடைந்ததற்குக் காரணம் அந்த உடல். குண்டு பின்னந்தலையில் நுழைந்து கீழ்நோக்கி இறங்கி, முகவாயில் வெளியேறியிருந்தது. தரையில் நிற்பவன், படியில் இறங்கி வருபவரை அல்லது அதே தரையில் நடப்பவரைச் சுட்டால் குண்டு அப்படிப் பாயாது. அவருக்குப் பின்னால், ஒரு படி மேலே நின்றவரால்தான் அப்படிச் சுட முடியும். அங்கே இருந்தவர்கள் வீரர்கள் மட்டுமே. மார்க்கோசே அமைத்த அக்ரவா குழுவும் 1984 அக்டோபரில், கல்மான் சுடவில்லை, இது இராணுவச் சதி என்ற முடிவுக்கு வந்தது. எவ்வளவு மேல்மட்டம் வரை என்பதில் மட்டும் தலைவருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 1985 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், முப்படைத் தளபதி வேர் உட்பட 26 பேரையும் விடுவித்தது. அந்த விசாரணை அதிபர் மாளிகையிலிருந்து இயக்கப்பட்ட நாடகம் என்று கண்டு 1986இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறு விசாரணையில், 1990இல், 16 இராணுவத்தினருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஆகவே அரசுக்குள் இருந்தவர்கள் செய்த கொலையை நீதிமன்றத்தில் நிறுவ முடியும். அங்கே பிரேதப் பரிசோதனை நடந்தது, படிக்கட்டு இருந்தது, காதால் கேட்டவர்களும் ஒலிப்பதிவுகளும் இருந்தன. அப்படியிருந்தும் படிக்கட்டில் நின்றவர்களோடு வழக்கு முடிந்துவிட்டது. ஆணையிட்டவர் யார் என்பது, கொலையுண்டவரின் மனைவி கொரசோன் அக்கினோவே ஆறு ஆண்டுகள் அதிபராக இருந்த நாட்டிலும் நிறுவப்படவில்லை. அதனால் சர்தாரி கண்டுபிடிக்கவில்லை என்பதை வைத்து மட்டும் அவர் மீது ஐயம் கொள்ள நான் தயங்குகிறேன். கீழே இருப்பவரின் விரல் தடயம் விட்டுச்செல்கிறது. மேலிருந்து வரும் சொல் பெரும்பாலும் தொலைபேசியில் வருகிறது.

---

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆய்வகம்_ஓய்வு ஐயா கேட்டபடி அறிக்கையைத் திரும்பப் புரட்டினேன். முதல் முறை நான் வேகமாகக் கடந்துவிட்ட பத்தி அது. கூட்டுப் புலனாய்வுக் குழுவினரைச் சம்பவ இடத்துக்குள் விடாமல் நகரக் காவல் தலைவர் இரண்டு முழு நாட்கள் இழுத்தடித்திருக்கிறார். அதற்குப் பின் உள்ளே போனவர்கள், கழுவிய தண்ணீர் போன வழியைப் பின்தொடர்ந்து சாக்கடைக்குள்ளேயே இறங்கித் துழாவியிருக்கிறார்கள். ஒரு தோட்டா உறை கிடைத்திருக்கிறது. குண்டை வெடித்தவனின் மரபணு படிந்திருந்த துப்பாக்கியிலிருந்து வெளிவந்த உறைதான் அது என்று பின்னர் ஆய்வில் உறுதியாகியிருக்கிறது.

சுட்டவனும் குண்டை வெடித்தவனும் ஒரே ஆள் என்பதற்கு அந்தச் சிறிய பித்தளைத் துண்டு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பது இப்போதுதான் புரிகிறது. காவல்துறையில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதும் புரிகிறது. ஒருவர் தண்ணீர் பாய்ச்சச் சொன்ன அதே துறையில் இன்னொருவர் சாக்கடையில் இறங்கியிருக்கிறார்.

கழுவியதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் தேடிப் படித்தேன். கூட்டத்தினர் இறந்தவர்களின் ரத்தத்தை எடுத்து உடம்பில் பூசிக்கொண்டார்கள், கலவரம் மூளாமல் தடுக்கவே கழுவினோம் என்று அதிகாரி விளக்கியிருக்கிறார். மாகாண அரசின் குழு அதை ஏற்றுக்கொண்டது, ஐ.நா. ஆணையம் ஏற்கவில்லை. இராணுவத் தலைமையகத்திலிருந்து அழைப்பு வந்ததாக நகரக் காவல் தலைவரே தன்னிடம் சொன்னார் என்று, பெயரை வெளியிட விரும்பாத ஒருவர் ஆணையத்திடம் கூறியிருக்கிறார். இதைச் சான்று என்று சொல்ல முடியாது என்பதைச் சட்டமேசை அவர்களின் பதிலைப் படித்த பின் நானே உணர்கிறேன்.

அண்ணனிடம் இனி "அரசு செய்ததா" என்று விவாதிக்கப் போவதில்லை. அக்டோபர் 22 கடிதத்தில் ஒரு பெயர் ஏன் இல்லை, டிசம்பர் 27 மாலை ஆறு மணியை ஒட்டி அந்த அதிகாரியின் தொலைபேசியில் பேசியது யார் என்ற இரண்டை மட்டும் கேட்பேன். முதலாவதற்குக் காகிதம் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை தெரிந்த ஒருவராவது இன்னும் உயிரோடு இருப்பார் என்று நம்புகிறேன்.